நாற்பது பேருக்கு இரண்டு டோக்கன்

மாதனூர்
9 மார்ச் 2025, ஞாயிறு

கிறிஸ்டினாவுக்கு அக்கா மெர்சி எழுதுவது.

உன் நம்பரை ஏதோ கைதவறி பிளாக் செய்துவிட்டேன் என்று நினைத்து உன் மாமாவின் போனில் கூப்பிட்டிருக்கிறாய். கைதவறவில்லை. தெரிந்தேதான் செய்தேன். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ ஒன்பது வார்த்தை சொல்வாய். காகிதத்தில் நீ குறுக்கே புக முடியாது. முழுசாகப் படி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் ஷூ கம்பெனி கேட்டில் நீ செய்தது என்ன காரியம்? ஏழு பஸ் நிற்கிறது. பெண்கள் ஏறிக்கொண்டிருக்கிறார்கள், டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நீ வேலூரிலிருந்து லீவு போட்டு வந்து, எங்கள் சூப்பர்வைசர் பூவரசனை வழிமறித்து, "எங்க அக்காவ ஒண்ணுக்குப் போக வுட மாட்டீங்களாமே, அவளுக்கு ரத்தமா போகுது, தெரியுமா உங்களுக்கு?" என்று கத்துகிறாய்! கிறிஸ்துமஸ் அன்று உன்னிடம் மட்டும் சொன்ன விஷயம் அது. நான் பஸ்ஸில் ஏறித் துப்பட்டாவால் முகத்தை மூடியவள், மாதனூர் வரும்வரை எடுக்கவில்லை.

ஒன்று தெரிந்துகொள். என்னை யாரும் தடுக்கவில்லை. எங்கள் தையல் லைனில் நாற்பது பேர். பாத்ரூம் போக இரண்டு டோக்கன். மிஞ்சிய தோல் துண்டில் ஓட்டை போட்டு, பூவரசன் மேஜைக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருக்கும். எடுத்தால் நோட்டில் பெயரும் நேரமும் ஏறும். பதினான்கு வருஷத்தில் அந்த நோட்டில் என் பெயர் எத்தனை தடவை ஏறியது என்று கேட்டுப் பார். விரல் விட்டு எண்ணிவிடலாம். விடியற்காலை அரை டம்ளர் டீ. மத்தியானம் குழம்பு கம்மியாக, ரசம் இல்லாமல் சோறு. நாக்கு ஒட்டினால் ஒரு புளிப்பு மிட்டாய். சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் தண்ணீர். புதிதாக வரும் பெண்களுக்கெல்லாம் நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் வாரம் பேஜாராக இருக்கும், அப்புறம் உடம்பே கேட்பதை விட்டுவிடும்.

இது என் சாமர்த்தியம். இதைப் போய் நோய் என்று ஊர் முழுக்கச் சொல்லாதே. ரத்தம் இரண்டே தடவைதான் வந்தது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டேன், நின்றுவிட்டது. ஊரார் மூத்திரத்தைப் பார்ப்பது உன் வேலை. அதை உன் லேபோடு வைத்துக்கொள். இனிமேல் கேட்டுக்கு வராதே.

மெர்சி


வேலூர்
16 மார்ச் 2025

அக்கா,

ஸ்தோத்திரம் சொல்லித் தொடங்கி நான்கு காகிதம் கிழித்துவிட்டேன். நேராகவே எழுதுகிறேன். கேட்டில் அத்தனை பேர் முன்னால் உன் விஷயத்தைச் சொன்னது தப்பு. மன்னித்துக்கொள். ஆனால் சொன்ன விஷயம் தப்பில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

என் வேலையைக் கிண்டல் செய்கிறாய். செய். ஒரு நாளைக்கு இருநூறு முந்நூறு பாட்டில் என் மேஜைக்கு வருகிறது. சிலது கடுங்காப்பி நிறத்தில் இருக்கும். சீட்டில் வேலை என்ன என்று பார்ப்பேன். பாதி பேர் உன்னைப் போல மிஷினில் உட்கார்ந்திருக்கிறவர்கள். ஒவ்வொரு தடவையும் பெயரைப் படிக்கும்போது எனக்குப் பயமாக இருக்கிறது. உன் பெயர் இருந்துவிடுமோ என்று.

போன வாரம் எங்களுக்கு ஒரு வகுப்பு நடந்தது. நோயாளிகளிடம் எப்படிப் பேசுவது என்பதைப் பற்றி. பாடம் எடுத்த சிஸ்டர் சொன்னார், யாரும் ஒரே நாளில் பழக்கத்தை மாற்றிக்கொள்வதில்லையாம். முதலில் எனக்கு ஒன்றுமில்லை என்பார்களாம். அப்புறம், பார்க்கலாம் என்பார்களாம். அதற்கப்புறம் ஏற்பாடு, அப்புறம்தான் காரியம். நடுவில் வழுக்கும், திரும்ப ஏற வேண்டும். எதிரே இருப்பவர் எந்தப் படியில் நிற்கிறாரோ அங்கே இறங்கிப் போய்ப் பேசுங்கள், மேலே நின்று கத்தாதீர்கள் என்றார். எனக்குச் சுருக்கென்றது. கேட்டில் நான் செய்தது அதைத்தானே.

கோபப்படாதே, நீ முதல் படியில் நிற்கிறாய். வேலை நாளில் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு பாட்டில் தண்ணீர் குடித்துப் பார். இங்கே வந்து ஒரு ஸ்கேன் எடுத்துக்கொள் என்று சொல்லக் கை துடிக்கிறது. சொல்லவில்லை.

கிறிஸ்டி


மாதனூர்
30 மார்ச் 2025

கிறிஸ்டி,

படியாம் படி! உனக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவள் நான். இப்போது நீ எனக்கு மார்க் போடுகிறாயா?

உங்கள் சிஸ்டரை ஒரே ஒரு நாள் என் மிஷினில் வந்து உட்காரச் சொல். டோக்கன் எடுத்துப் போய், கியூவில் நின்று, திரும்பி வந்தால் முன்னால் இருப்பவள் தைத்துப் போட்ட ஷூ மேல்தோல், நாங்கள் அப்பர் என்போம், அதெல்லாம் மேஜையில் குவிந்து கிடக்கும். பின்னால் இருப்பவள் வேலையில்லாமல் கையைக் கட்டிக்கொண்டு என்னை முறைப்பாள். அந்தக் குவியலை முடிக்கச் சாப்பாட்டு நேரம் போய்விடும். இதற்குப் பெயர் பழக்கமா? நான் ஆசைப்பட்டுப் பழகியதா?

என் பக்கத்து மிஷினில் தூபா என்று ஒரு பெண். பேரணாம்பட்டு. பத்தொன்பது வயது. நான்தான் பழக்கிவிட்டேன். இந்த மாதம் முழுக்க நோன்பு பிடித்தாள். "கஷ்டமா இல்லியாடி உனக்கு?" என்று கேட்டேன். "எனக்கு ஒரு மாசம்தான்க்கா. அதுவும் நோன்பு தொறந்தா தண்ணி குடிச்சிக்கினே இருப்பேன். உங்களுக்குத்தான் வருஷம் பூரா நோன்பு" என்றாள். லைனே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபின் சிரிப்பு வரவில்லை.

நேற்று பஸ்ஸில் சும்மாதான் கேட்டேன். நீர்க்கடுப்புக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டவர்கள் கையைத் தூக்குங்கள் என்று. டிரைவர் காதில் விழாமல்தான் கேட்டேன். முப்பத்தாறு பேரில் இருபத்தொன்பது கை எழுந்தது. உனக்காகக் கேட்கவில்லை. உன் சிஸ்டரின் படிக்காகவும் கேட்கவில்லை.

ஸ்கேனுக்கு வர மாட்டேன். இன்று ஒரு பாட்டில் தண்ணீர் குடித்தேன். வெயில் ஜாஸ்தி, தாகமாக இருந்தது. அவ்வளவுதான், எதையாவது நினைத்துக்கொள்ளாதே.

மெர்சி


வேலூர்
6 ஏப்ரல் 2025

அக்கா,

நான் எதையும் நினைத்துக்கொள்ளவில்லை. உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன், அவ்வளவுதான்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். சின்னவன் வயிற்றில் இருந்தபோது எனக்குச் சர்க்கரை ஏறியது உனக்குத் தெரியும். பிரசவத்துக்கு அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை கட்டாயம் ரத்தம் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். நான்கு வருஷம் ஆகிறது. ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. ரத்தம் எடுக்கும் ரூமுக்கும் என் மேஜைக்கும் நடுவில் ஒரு கதவுதான். அதைத் தாண்டிப் போய்க் கையை நீட்ட எனக்குப் பயம். கேட்கிறவர்களிடம் வேலை ஜாஸ்தி, நேரமில்லை என்கிறேன். ராத்திரியில் நாக்கு வறண்டு எழுந்துகொள்கிறேன். உனக்குப் படி சொன்னவள் எந்தப் படியில் நிற்கிறாள் பார்த்தாயா?

அதனால் இனி புத்தி சொல்ல மாட்டேன். பேரம் பேசுகிறேன். நீ எந்த நாள் ஸ்கேனுக்கு வருகிறாயோ அதே நாள் நான் ரத்தம் கொடுக்கிறேன். நீ வராவிட்டால் நானும் கொடுக்க மாட்டேன். உனக்கு என் மேல் கோபம் இருக்கலாம், அக்கறை இல்லாமல் போகாது என்று எனக்குத் தெரியும்.

கிறிஸ்டி


மாதனூர்
27 ஏப்ரல் 2025

கிறிஸ்டி,

பேரம் பேசுகிறாயா நீ, கள்ளி. வர வைத்துவிட்டாய்.

பிளாக்கை எடுத்துவிட்டேன். ஆனாலும் எழுதத்தான் செய்கிறேன். போனில் சொன்னால் அழுதுவிடுவேன். அன்று ஸ்கேன் ரூமுக்கு வெளியே நீ அழுதாய், நான் அழவில்லை என்று உனக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. வலது கிட்னியில் கல் அடைத்து, எத்தனையோ வருஷமாக வீங்கி, இப்போது சுருங்கிவிட்டது, அது இனி வேலைக்கு ஆகாது என்று அந்த டாக்டர் எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்! பாக்கி இருப்பது இடது ஒன்றுதான். அதுவும் கெட்டால் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் மிஷினில் படுக்க வேண்டும். தினமும் மூன்று லிட்டர் குடிக்கணும், ஒரு நாளும் அடக்கக் கூடாது என்றார். சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. பதினான்கு வருஷ டார்கெட்டுக்கு நான் ஒரு கிட்னியைக் கொடுத்திருக்கிறேன். சாமர்த்தியம் என்று எழுதினேனே ஒரு கடிதம், அதைக் கிழித்துப் போடு.

இது என்னோடு நிற்கவில்லை. தூபா ஒரு வாரமாக வேலைக்கு வரவில்லை. குளிர் காய்ச்சல், இடுப்பில் தாங்க முடியாத வலி. ஆம்பூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், கிட்னியில் கிருமியாம். பார்க்கப் போனேன். அவளுடைய அம்மா பில்கிஸ் என்னைப் பார்த்து, "நீங்கதான் மெர்சியா? தண்ணி குடிக்காதேன்னு சொல்லிக் குடுத்தது நீங்கதானாமே?" என்று கேட்டார். "ஆமாம்மா, நான்தான்" என்றேன். வேறு என்ன சொல்ல? திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. ஸ்டூலை நகர்த்தி, "உக்காருங்க" என்றார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை ஒரு லிட்டர் பாட்டிலோடு வேலைக்குப் போனேன். ஒன்பதரைக்கு எழுந்து டோக்கனை எடுத்தேன். லைன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பூவரசன் பேனாவை வைத்துவிட்டு, "இன்னா மெர்சிக்கா, நீங்களுமா? உங்களப் பாத்துதான் இந்த லைனே நடக்குது" என்றார். "அதனாலதான் சார் எடுக்கறேன். எழுதிக்கோங்க" என்றேன். அன்று மூன்று தடவை போனேன். டார்கெட் குறைந்தது. மூன்று நாளாகக் குறைந்துகொண்டுதான் இருக்கிறது.

உன் ரத்தம் என்ன ஆயிற்று? மழுப்பாமல் எழுது.

மெர்சி


வேலூர்
4 மே 2025

அக்கா,

மழுப்பவில்லை. வெறும் வயிற்றில் நூற்று எழுபத்தெட்டு. சர்க்கரைதான். ரிப்போர்ட்டை டைப் செய்த ரிஹான் என் முகத்தைப் பார்க்காமல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான். மாத்திரை தொடங்கிவிட்டேன். சாயங்காலம் வேலை முடிந்ததும் கோட்டையைச் சுற்றி நடக்கிறேன். முதல் நாள் பாதி சுற்றிலேயே மூச்சு வாங்கியது. நடக்கும்போதெல்லாம் நீ வியாழக்கிழமை எழுந்து நின்றாயே, அதைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

நீ குடி அக்கா. டார்கெட் போகட்டும்.

கிறிஸ்டி


மாதனூர்
15 ஜூன் 2025

கிறிஸ்டி,

நீ போன் செய்து நான் எடுக்காதது இந்தத் தடவை கோபத்தால் அல்ல. வெட்கம்.

பெரிய ஷிப்மென்ட் வந்தது. டார்கெட்டை ஏற்றினார்கள். நான் எழுந்து போகும் ஒவ்வொரு தடவையும் லைன் நின்றது. என் பின்னால் இருக்கும் கலையரசி ஒரு நாள் எல்லோர் காதிலும் விழும்படி, "அவங்களுக்கு கிட்னி போச்சின்னா நாங்கெல்லாம் வேலைய வுட்டுட்டுப் போவணுமா?" என்றாள். நல்லவள்தான். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாக அல்லாடுகிறாள். மறுநாள் பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். ஒரு நாள்தான் என்று நினைத்தேன். பதினாறு நாள் ஆகிவிட்டது. டார்கெட் எட்டியது. பூவரசன் வந்து தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அந்தச் சனியன் பிடித்த பெருமை திரும்ப வந்து என்னோடு உட்கார்ந்துகொண்டது.

நேற்று ராத்திரியிலிருந்து காய்ச்சல். நீர் செம்மண் நிறத்தில் போகிறது. உங்கள் சிஸ்டரின் பாடத்தில் இதற்கு என்ன பெயர்? எனக்கு உடம்பும் சரியில்லை, மனசும் சரியில்லை. முடியாதவளிடம் போய் ஏன் எதிர்பார்க்கிறீர்கள்?

மெர்சி


வேலூர்
22 ஜூன் 2025

அக்கா,

உன் கடிதம் கிடைத்த அன்றே ஓடி வந்து உன்னை அட்மிட் செய்தவள் நான். ஐந்து நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது டிரிப் ஏறுகிறதே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது நீ வீட்டில் இருக்கிறாய். இனி திட்டலாம்.

உனக்கு மூளை இருக்கிறதா? தட்டிக்கொடுத்தானாம்! அவன் தட்டிக்கொடுத்த கையா வந்து டயாலிசிஸுக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு போகும்? உனக்கு லைனில் நாற்பது பேர் இருப்பார்கள். எனக்கு ஒரே அக்கா. நீ போய்விட்டால் என்னால் தாங்க முடியாது. இதை நான் இதுவரை உன்னிடம் சொன்னதில்லை, இப்போது எழுதிவிட்டேன்.

வழுக்கியதும் பாடத்தில் இருக்கிறது, முதல் கடிதத்திலேயே எழுதினேன். நானும் போன வாரம் ஒரு கல்யாணத்தில் இரண்டு தட்டு இனிப்பு சாப்பிட்டேன். மறுநாள் நடக்கப் போகவே கூசியது. போனேன். முடியாதவள் என்று எழுதாதே. பதினான்கு வருஷம் தண்ணீர் குடிக்காமல் இருக்க முடிந்தவளால் எதுதான் முடியாது?

டாக்டர் கொடுத்த சர்ட்டிபிகேட்டை இதோடு வைத்திருக்கிறேன். உனக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் பாத்ரூம் போக அனுமதி தர வேண்டும் என்று எழுதியிருக்கிறார். ஆபீசில் கொடு.

கிறிஸ்டி


மாதனூர்
20 ஜூலை 2025

கிறிஸ்டி,

நன்றாகத் திட்டினாய். இன்னும் இரண்டு சேர்த்துத் திட்டியிருக்கலாம்.

சர்ட்டிபிகேட்டை ஆபீசில் கொடுத்தேன். ஷபீ அஹமது என்று மேனேஜர். மரியாதையான மனிதர். படித்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு மட்டும் டோக்கன் வேணாம்மா. எப்ப வேணா போய்ட்டு வாங்க. ஆனா லைன்ல யாருக்கும் சொல்லாதீங்க, அப்புறம் எல்லாரும் கேப்பாங்க" என்றார். நன்றி சார் என்று எழுந்து கதவு வரைக்கும் போய்விட்டேன். கதவில் கை வைத்ததும் ஆஸ்பத்திரியில் ஸ்டூலை நகர்த்திய தூபாவின் அம்மா பில்கிஸ் ஞாபகம் வந்தது. திரும்பி வந்தேன். "அப்ப ஒரு கிட்னி போனவளுக்குத்தான் சார் தண்ணியா? ரெண்டும் நல்லா இருக்கறவ, ஒண்ணு போற வரைக்கும் காத்துக்கினு இருக்கணுமா?" என்று கேட்டேன். எனக்கு மட்டும் சலுகை வேண்டாம் என்று சொல்லி, சர்ட்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மத்தியானம் சாப்பிடும்போது ஸ்கேன் படத்தை எல்லோருக்கும் காட்டினேன். ஆமாம், நானே காட்டினேன். கலையரசி அதைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். தனக்கும் இரண்டு வருஷமாகக் கடுப்பு இருக்கிறது என்றாள். அப்புறம் ஒவ்வொருத்தியாகச் சொல்லத் தொடங்கினார்கள். அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

போன செவ்வாய்க்கிழமை ஆடிட். வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்குகிறவர்கள் வந்து பார்க்கும் நாள். உனக்கு அந்தக் கூத்து தெரியாது. அன்றைக்கு ஒவ்வொரு மிஷினிலும் நிறைய தண்ணீரோடு புது பாட்டில் வைப்பார்கள். ஆணியையும் டோக்கனையும் கழற்றிவிடுவார்கள். பூவரசன் காலையிலேயே வந்து, "பாட்டில் காட்டறதுக்குத்தான். யாரும் மூடியத் தொறக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வருஷா வருஷம் நாங்களும் திறக்கமாட்டோம்.

அவர் முதுகு திரும்பியதும் நான் திறந்தேன். முழு பாட்டிலையும் நின்றபடியே குடித்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்திருக்கும் தூபா திறந்தாள். அடுத்து கலையரசி. கடைசி மிஷின் வரைக்கும் மூடி திறக்கும் சத்தம்தான் கேட்டது. பூவரசன் ஓடி வந்து, "ஐயோ, இன்னா பண்றீங்க? இன்னா பண்றீங்க?" என்று தவித்தார். "தண்ணி குடிக்கறோம் சார், வேற ஒண்ணும் இல்ல" என்று தூபா சொன்னாள்.

பத்தரை மணிக்கு ஆடிட்காரர்கள் எங்கள் ஹாலுக்குள் நுழைந்தபோது பாத்ரூம் வாசலில் இருபது பேர் வரிசையாக நின்றோம். மறிக்க டோக்கன் இல்லையே! வந்தவர்களில் ஒரு அம்மா, கூட வந்த தமிழ்ப் பெண் மூலமாக, ஏன் இத்தனை பேர் நிற்கிறீர்கள், எத்தனை பாத்ரூம் இருக்கிறது என்று கேட்டார். முந்நூறு பேருக்கு நான்கு என்றேன். மற்ற நாளில் எப்படி என்று கேட்டார். மேஜைக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போய்ச் சுவரில் ஆணி பிடுங்கிய ஓட்டையைக் காட்டினேன். உட்கார்ந்து எழுதிக்கொண்டார். அதனால் ஏதாவது நடக்குமா என்று எனக்குத் தெரியாது. புதன்கிழமை காலையில் டோக்கனோடு ஆணி திரும்ப வந்துவிட்டது.

ஆனால் அதை யாரும் தொடவில்லை. எழுந்து போகிறோம், வருகிறோம். பக்கத்தில் இருப்பவள் இரண்டு அப்பரைச் சேர்த்துத் தைத்துவிடுகிறாள், வந்தவள் அவளுக்குத் தைத்துக்கொடுக்கிறாள். அவ்வளவு சுலபமான காரியத்தைப் பதினான்கு வருஷமாக யாரும் யோசிக்கவில்லை, நானும்தான். தினமும் மூன்று லிட்டர் முடித்துவிடுகிறேன். போன ரத்தப் பரிசோதனையில் இடது கிட்னி அப்படியே தாக்குப்பிடிக்கிறது என்று நீதான் ரிப்போர்ட் பார்த்துச் சொன்னாய்.

வெள்ளிக்கிழமை எனக்கு மட்டும் மெமோ கொடுத்தார்கள். ஒரே நாளில் அனுமதி இல்லாமல் ஐந்து தடவை இருக்கையை விட்டு எழுந்ததற்கு எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டுமாம். தராவிட்டால் வேலையை விட்டு நிறுத்துவார்களாம். உன் மாமா பயந்துபோய், மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்துவிடு என்றார். நிறுத்தட்டும். இந்த ரோட்டில் கம்பெனி எத்தனையோ இருக்கிறது. எனக்குக் கிட்னி ஒன்றுதான் இருக்கிறது.

நாளைக்குக் காலையில் கொடுக்கப்போகும் விளக்கத்தை நேற்று பஸ்ஸிலேயே எழுதிவிட்டேன். இறங்குவதற்குள் அதில் முப்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். நீ படிக்க வேண்டும் என்று அப்படியே கீழே எழுதுகிறேன்.

"மதிப்பிற்குரிய மேனேஜர் அவர்களுக்கு, தையல் லைன் மூன்று, மெர்சி எழுதுவது. தண்ணீர் குடித்தேன். ஒன்றுக்கு வந்தது. போனேன். நாளைக்கும் போவேன்."